பருந்துத் தலைக்கு 70 சென்ட்: கோழியைக் காப்பாற்ற பென்சில்வேனியா போட்ட கணக்கு

கோழி வளர்க்கிறவர்கள் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிஷத்துக்குள் பேச்சு பருந்துக்கு வந்துவிடும். "பத்துக் குஞ்சு பொரிச்சுது, பருந்து தூக்கினது போக மூணுதான் மிச்சம்" என்பார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால், "கண்ணால பார்த்தேனே" என்று பதில் வரும். எத்தனை தடவை பார்த்தீர்கள் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஒரு தடவை. மிஞ்சிப்போனால் இரண்டு தடவை. மீதிக் குஞ்சுகள் எங்கே போயின? அதுவும் பருந்துதான், வேற என்ன.

இந்தப் பதிலை ஒரு மாநில அரசாங்கமே நம்பி, சட்டம் போட்டு, கஜானாவைத் திறந்துவிட்ட கதை ஒன்று இருக்கிறது. இடம் அமெரிக்காவின் பென்சில்வேனியா, வருஷம் 1885. அது சம்பந்தமான பழைய விவசாயத் துறை அறிக்கைகளைக் கொஞ்ச நாளாக ராத்திரி நேரத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். அரசாங்கம் போட்ட கணக்கு ஒன்று. அதை எதிர்த்து ஒருவர் போட்ட கணக்கு இன்னொன்று. கணக்கு மட்டும் போதாது என்று மூன்றாவது ஆள் ஆயிரக்கணக்கான இரைப்பைகளை அறுத்துப் பார்த்தது அதற்கு அடுத்தது. இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் சூழ்நிலை. அந்தக் காலத்துப் பென்சில்வேனியாவில் கோழி என்றால் இன்றைய பிராய்லர் பண்ணையை நினைக்காதீர்கள். ஒவ்வொரு பண்ணை வீட்டுக் கொல்லையிலும் கொஞ்சம் கோழிகள் கிளறிக்கொண்டு திரியும். ராத்திரி சிலது தொழுவத்து உத்தரத்தில் ஏறும், சிலது மரக்கிளையில் அடையும். முட்டைக் காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்காசு. நம் ஊர்க் கொல்லைக் கோழியிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லாத ஏற்பாடுதான். ஒரு கோழி போனால் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் வயிற்றெரிச்சல். அந்த வயிற்றெரிச்சல் நியாயமானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் பருந்துக்கு வக்காலத்து வாங்கப் போகிறேன், அப்போது கோழிக்காரர்களைக் கிண்டல் பண்ணுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது.

1885 ஜூன் 23ஆம் தேதி அந்த மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. விவசாய நலனுக்காக என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. மக்கள் அதை 'ஸ்கால்ப் ஆக்ட்' என்றே கூப்பிட்டார்கள். ஸ்கால்ப் என்றால் தலைத்தோல். பருந்து, ஆந்தை, வீசல், மிங்க் இவற்றில் எதைக் கொன்று கொண்டுவந்தாலும் தலைக்கு 50 சென்ட் பரிசு. வீசல் என்பது நம் கீரியைவிட ஒல்லியான ஒரு பிராணி. எலி வளைக்குள்ளேயே நுழைந்து எலியைப் பிடிக்கும், கோழிக்கூட்டுக்குள் புகுந்தால் ஒரே ராத்திரியில் பல கோழிகளைக் கடித்துப் போட்டுவிடும். மிங்க் அதற்கு உறவு, நீர்நிலை ஓரத்தில் வாழ்வது.

நடைமுறை இப்படி. செத்த பிராணியை எடுத்துக்கொண்டு உள்ளூர் நீதிபதியிடமோ நோட்டரியிடமோ போக வேண்டும். இந்த மாநில எல்லைக்குள் கொன்றதுதான் என்று சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு 20 சென்ட் கூலி. ஆக ஒரு தலைக்கு அரசுப் பணம் 70 சென்ட். இந்த 70ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

காசு கொடுத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. பக்கத்து மாநிலத்தில் சுட்டதைக் கொண்டுவந்து இங்கே சத்தியம் பண்ணினார்கள். பருந்து என்ற பெயரில் பருந்தே அல்லாத பறவைகளின் தலைகளும் வந்தன. பணம் கொடுக்கிறவருக்குப் பறவை அடையாளம் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஒவ்வொரு தலைக்கும் அவருக்கு 20 சென்ட் வருகிறது. இந்த மோசடிகளைப் பிற்பாடு விரிவாக எழுதியவர் பி. ஹெச். வாரன், பென்சில்வேனியாவின் அரசுப் பறவையியலாளர். கோழிகளின் நோய்களையும் எதிரிகளையும் பற்றி 1897இல் வந்த தடியான அரசுப் புத்தகத்தில் எதிரிகள் பகுதி இவருடையது. ஒரு சிஸ்டத்தில் சரிபார்க்கிறவருக்கே ஒவ்வொரு அப்ரூவலுக்கும் கமிஷன் என்று வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஒன்றரை வருஷம் ஓடியது. செலவு சுமார் 90,000 டாலர்.

இந்த இடத்தில்தான் சி. ஹார்ட் மெரியம் வருகிறார். மருத்துவம் படித்து, கொஞ்ச காலம் தொழிலும் பார்த்துவிட்டு, அதை விட்டு விலங்குகள் பின்னால் போனவர். அமெரிக்க விவசாயத் துறையில் அப்போதுதான் ஆரம்பித்திருந்த ஒரு சின்னப் பிரிவுக்குத் தலைவர். பறவைகளாலும் விலங்குகளாலும் விவசாயத்துக்கு என்ன லாபம், என்ன நஷ்டம் என்று பார்ப்பதுதான் அந்தப் பிரிவின் வேலை. 1886ஆம் ஆண்டுக்கான அறிக்கையில் அவர் பென்சில்வேனியா கணக்கை எடுத்துப் பிரித்துப் போட்டார்.

அவர் சொன்னது இது. மாநிலம் முழுக்கப் பருந்தும் ஆந்தையும் சேர்ந்து வருஷத்துக்கு 5,000 கோழிகளைக் கொல்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கோழி 25 சென்ட். பெரும்பாலும் குஞ்சுகள்தான் போகின்றன என்பதால் அதுவே தாராளமான விலை. வருஷத்துக்கு நஷ்டம் 1,250 டாலர், ஒன்றரை வருஷத்துக்கு 1,875 டாலர். இந்த 1,875 டாலரை மிச்சம் பிடிக்க மாநிலம் 90,000 டாலர் செலவழித்திருக்கிறது.

அதோடு நிறுத்தவில்லை. ஒவ்வொரு பருந்தும் ஆந்தையும் வருஷத்துக்குக் குறைந்தது 1,000 எலிகளையோ அதற்குச் சமமான பூச்சிகளையோ தின்கிறது. ஒரு எலி உயிரோடு இருந்தால் விவசாயிக்கு வருஷத்துக்கு 2 சென்ட் நஷ்டம். ஆக ஒரு பருந்தின் மதிப்பு வருஷத்துக்கு 20 டாலர், ஒன்றரை வருஷத்துக்கு 30 டாலர். கொல்லப்பட்டவை 1,28,571. பெருக்கினால் 38,57,130 டாலர். பரிசுப் பணத்தையும் சேர்த்தால் 39,47,130. மிச்சம் பிடித்த ஒவ்வொரு டாலருக்கும் 2,105 டாலரைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள் என்று முடித்தார்.

இந்த 2,105 பறவைப் பாதுகாப்பு எழுத்துகளில் அப்புறம் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணைப் பார்த்தால் கை சும்மா இருக்காதே, ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து உட்கார்ந்தேன்.

முதலில் அந்த 1,28,571. இவ்வளவு துல்லியமாக எப்படி எண்ணினார்கள்? யாரும் எண்ணவில்லை. 90,000 டாலரை 70 சென்ட்டால் வகுத்துப் பாருங்கள். 1,28,571.4 வரும். அவ்வளவுதான். செலவான பணத்தை ஒரு தலையின் விலையால் வகுத்து வந்த விடை அது. 'சுமார் 90,000' என்ற உத்தேசக் கணக்கிலிருந்து ஆறு இலக்கத்துக்கு ஒரு எண்ணை எடுத்து, அது எண்ணிப் பார்த்த மாதிரி நிற்கிறது. போலித் தலைகள் எத்தனை என்பதும் இதில் கழியவில்லை.

அடுத்தது எலிக் கணக்கு. ஒரு பறவைக்கு ஒன்றரை வருஷத்தில் 1,500 எலி என்றால், மொத்தம் 19 கோடிக்கும் மேல். ஒன்றரை வருஷமும் முழுசாக எலி பிடித்திருக்கும் என்று கணக்கிட வேண்டுமானால், எல்லாப் பறவையும் சட்டம் வந்த முதல் நாளே செத்திருக்க வேண்டும். உண்மையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே செத்தன? பதினேழாவது மாதத்தில் செத்த ஆந்தை பதினாறு மாதம் எலி பிடித்துவிட்டுத்தான் செத்தது. சாவு சீராக நடந்தது என்று வைத்தால் நஷ்டம் பாதியாகிவிடும். அதுபோக எல்லாப் பருந்தும் எலி தின்பதில்லை, பறவை மட்டுமே தின்கிற ஜாதியும் உண்டு.

சரி, எலியை மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடலாம். கோழியை மட்டும் பார்ப்போம். வருஷத்துக்கு 5,000 கோழி என்பது மெரியம் விவாதத்துக்காக வைத்துக்கொண்ட எண். பத்து மடங்கு தப்பு, உண்மையில் 50,000 கோழி என்றாலும் ஒன்றரை வருஷ நஷ்டம் 18,750 டாலர்தான். அப்போதும் 90,000க்குப் பக்கத்தில் வரவில்லை. இதுவரை மெரியம் ஜெயிக்கிறார்.

ஆனால் இதையே தலைக்கணக்காகத் திருப்பிப் போட்டால் நிலைமை மாறுகிறது. ஒரு தலைக்கு 70 சென்ட், ஒரு கோழி 25 சென்ட். அதாவது 2.8 கோழி. கொல்லப்பட்ட பருந்து உயிரோடு இருந்திருந்தால் தன் மீதி வாழ்நாளில் மூன்று கோழி தூக்கியிருக்கும் என்று நிரூபித்துவிட்டால், பரிசுப் பணம் லாபம்! மெரியமின் அனுமானப்படியோ, ஒன்றரை வருஷத்தில் பதினேழு பிராணி சேர்ந்து ஒரு கோழி. பருந்து சுடுகிறவர் இதை ஒத்துக்கொள்வாரா? "என் வீட்டுக்கு வர்ற ஒரே பருந்து வாரத்துக்கு ஒண்ணு தூக்குது" என்பார். இருவரிடமும் ஆதாரம் இல்லை. பருந்து என்ன தின்கிறது என்று தெரியாமல் ரெண்டு பக்கமும் எத்தனை பக்கம் கணக்குப் போட்டாலும் பிரயோஜனமில்லை.

மெரியமுக்கும் இது தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அவர் பிரிவில் அந்த வேலையை ஒருவர் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார். ஆல்பர்ட் கென்ரிக் ஃபிஷர். இவரும் மருத்துவர். இருவரும் நியூயார்க்கில் ஒரே மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். ஃபிஷர் நாடு முழுக்க இருந்து பருந்து, ஆந்தைகளின் இரைப்பைகளைத் திரட்டினார். திறந்து, உள்ளே இருந்த எலும்பு, மயிர், இறகு, பூச்சி ஓடு எல்லாவற்றையும் அடையாளம் கண்டு எழுதினார்கள். சுமார் 2,700 இரைப்பைகள். அமெரிக்காவின் பருந்துகளும் ஆந்தைகளும் விவசாயத்தோடு எப்படி உறவாடுகின்றன என்பதைச் சொல்லும் அவருடைய புத்தகம் 1893இல் வந்தது.

பென்சில்வேனியாக்காரர்கள் மிக அதிகமாகத் திட்டியது செவ்வால் பருந்தை. பெரிய உடம்பு, வயலுக்கு மேலே வட்டமடிக்கும், வேலிக் கம்பத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி உட்கார்ந்திருக்கும். அதற்கு அங்கே 'கோழிப் பருந்து' என்றே பெயர். ஃபிஷர் பார்த்த செவ்வால் இரைப்பைகள் 562. அவற்றில் 89 காலி. கோழியோ வேட்டைப் பறவையோ இருந்தது 54இல். மற்ற பறவைகள் 51இல். சுண்டெலி, வயலெலி வகை 278இல். அணில், முயல், பெருச்சாளி மாதிரி மற்ற பாலூட்டிகள் 131இல். மிச்சத்தில் தவளை, பாம்பு, பூச்சி, எட்டில் நன்னீர் நண்டு மாதிரி ஒன்று, ஒன்றில் ஒரு பூரான்கூட இருந்தது. காலியானதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நூற்றில் பதினொன்றில் கோழி அல்லது காட்டுக்கோழி வகை, ஐம்பத்தொன்பதில் எலி.

இதன் சின்னத் தம்பி மாதிரி இருக்கும் செந்தோள் பருந்து. இதையும் கோழிப் பருந்து என்றுதான் சுட்டார்கள். 220 இரைப்பைகளில் கோழி இருந்தது வெறும் மூன்றில். எலி 102இல்.

அப்புறம்தான் உண்மையான குற்றவாளி வருகிறது. கூப்பர் வல்லூறு. நம் ஊர் வல்லூறு இனத்தைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும்: குட்டை இறக்கை, நீண்ட வால், மரத்துக்கு மரம் தாழப் பறந்து வந்து சட்டென்று அடிக்கும். வட்டமடிக்காது, காட்டிக்கொள்ளாது. 133 இரைப்பைகள், 39 காலி. மீதி 94இல் 34இல் கோழியோ வேட்டைப் பறவையோ இருந்தது, 52இல் மற்ற பறவைகள். பாலூட்டிகள் பதினொன்றில் மட்டும். எலியைப் பிடித்துப் பாவத்தைக் கழுவவும் இதற்கு வழியில்லை.

அதாவது கோழிக்காரர்கள் பொய் சொல்லவில்லை. பருந்து கோழியைத் தூக்கியது நிஜம். தூக்கியது பெரும்பாலும் வேற பருந்து. கூப்பர் வல்லூறு வந்து அடித்துவிட்டு இரண்டு வினாடியில் மரத்துக்குள் மறைந்துவிடும். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வெளியே ஓடிவரும்போது மேலே நிதானமாக வட்டமடித்துக்கொண்டிருப்பது செவ்வால். தண்டனை யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தில் எழுதியிருந்ததும் 'பருந்து' என்ற ஒரே சொல்தான். ஒரு டேட்டாபேஸில் மூன்று வேறு ஆட்களை ஒரே பெயரில் சேமித்து வைத்தால் எந்த வினவலுக்கும் சரியான விடை வராது. இங்கே தப்பான விடை வந்த ஒவ்வொரு தடவையும் ஒரு தலை உருண்டது.

ஃபிஷர் கணக்கிலும் குறைகள் உண்டு. கோழியையும் காட்டு வேட்டைப் பறவைகளையும் ஒரே பத்தியில் போட்டிருக்கிறார், அதனால் கோழி எண்ணிக்கை இருப்பதைவிட அதிகமாகத் தெரியும். எத்தனை இரைப்பையில் இருந்தது என்றுதான் சொல்கிறார், எவ்வளவு இருந்தது என்பது இதில் வராது. ஏற்கெனவே செத்துக் கிடந்த கோழியைத் தின்றதா, உயிரோடு பிடித்ததா என்பதையும் இரைப்பை சொல்லாது. பண்ணைக்குப் பக்கத்தில் சுடப்பட்ட பறவைகள் இந்த மாதிரிச் சேகரிப்பில் அதிகமாகச் சேர்ந்துவிடும் வாய்ப்பும் இருக்கிறது. இதில் முக்கால்வாசிக் குறை பருந்துக்கு எதிராக வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். அப்படியும் முடிவு பருந்துக்குச் சாதகமாகத்தான் வந்தது. கோழியையும் வேட்டைப் பறவைகளையும் அதிகம் தின்கிற ஆறு இனங்களைத் தனியே எடுத்துவிட்டால் மீதி 2,212 இரைப்பைகள். அவற்றில் 56 சதவீதத்தில் எலி முதலான சிறு பாலூட்டிகள், 27 சதவீதத்தில் பூச்சிகள், கோழியும் வேட்டைப் பறவையும் மூன்றரை சதவீதத்தில் மட்டும். அந்த ஆறு இனங்களிலும் மூன்று மிக அபூர்வம், நாலாவது மீன் பிடிக்கிற விரால் அடிப்பான், அதன் மேல் நேரடிக் குற்றச்சாட்டு ஒன்றுமில்லை. கடைசியில் கூப்பரும், அதே மாதிரி ஆனால் இன்னும் சின்னதான ஷார்ப்ஷின்ட் என்ற வல்லூறும்தான் குற்றவாளிக் கூண்டில் நின்றன. ஷார்ப்ஷின்டுக்கும் குருவி சைஸ் பறவைகள்தான் முக்கிய இரை; முழுக்கோழியைத் தூக்க அதற்கு உடம்பு காணாது.

ஆந்தையில் எனக்குச் சுவாரசியமாக இருந்தது பெருங்கொம்பு ஆந்தை. நம் கொம்பன் ஆந்தையின் அமெரிக்கச் சொந்தம். 127 இரைப்பைகளில் 31இல் கோழியோ வேட்டைப் பறவையோ. காலியான 17ஐக் கழித்தால் நூற்றில் இருபத்தெட்டு. கூப்பருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் எந்தக் கோழி மாட்டுகிறது என்று பார்க்க வேண்டும். மரத்திலும் திறந்த இடத்திலும் அடைகிற கோழிகள்தான் இதற்கு அகப்படுகின்றன என்று ஃபிஷரே எழுதுகிறார். கதவுள்ள ஒரு கூட்டில் பொழுது சாயும்போது அடைத்துவிட்டால் ஆந்தையால் ஒன்றும் செய்ய முடியாது. தலைக்கு 70 சென்ட் கொடுத்துத் தீர்க்கப் பார்த்த பிரச்சினைக்கு ஒரு மரக் கதவும் தாழ்ப்பாளும் போதும்.

இதைப் படித்தபோதுதான் பகல், ராத்திரி என்ற வித்தியாசம் எனக்கு உறைத்தது. பருந்து பட்டப்பகலில், வீட்டுக்காரர் பார்க்கப் பார்க்கத் தூக்குகிறது. வீசல், மிங்க், ரக்கூன், நரி, பெருச்சாளி எல்லாம் பெரும்பாலும் இருட்டில் வேலையை முடிக்கின்றன. குஞ்சு காணாமல் போவதில் பெருச்சாளிக்கு இருக்கும் பங்கு கோழி வளர்த்தவர்களுக்குத் தெரியும். அது வளைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும், ஒரு இறகுகூட மிஞ்சாது. காலையில் எண்ணும்போது இரண்டு குறையும். முந்தின நாள் மதியம் வானத்தில் வட்டமடித்தது யார் என்று ஞாபகம் வரும். அந்தப் பெருச்சாளியைத் தின்னக்கூடிய பறவையைச் சுட்டுவிட்டு வருவார்கள்.

நம் பழைய ஆட்கள் இந்த விஷயத்தில் சரியாகப் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. குறுந்தொகை 139இல் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் வீட்டுக்கோழியின் பயம் மாலை நேரத்துப் பயம். வேலியோரம் வெருகு, அதாவது காட்டுப்பூனை, வந்துவிட்டது. எங்கே ஒளிவது என்று தெரியாமல் தாய்க்கோழி குஞ்சுகளைக் கூப்பிட்டுக் கதறுகிறது. குறுந்தொகையிலேயே 107ஆம் பாட்டில் தலைவி தன்னை எழுப்பிவிட்ட சேவலுக்குக் கொடுக்கும் சாபமும் நடுராத்திரி வெருகுக்கு இரையாகப் போ என்பதுதான். பொழுது சாய்ந்ததும் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே கல்லை வைக்கிற நம் ஊர்ப் பழக்கமும் இந்த எதிரியை மனசில் வைத்துத்தான்.

பென்சில்வேனியாவில் மரக்கூடு தவிர வேறு வழியும் அப்போது இருந்தது. அறுகோணக் கண் வைத்த கம்பி வலை, நம் ஹார்டுவேர் கடைகளில் கோழி வலை என்று கேட்டால் கொடுப்பது, 1844லேயே இங்கிலாந்தின் நார்விச் நகரத்தில் இயந்திரத்தில் பின்ன ஆரம்பித்துவிட்டார்கள். சார்லஸ் பர்னார்டு என்பவர் வேலை அது. நார்விச் பல நூற்றாண்டுகளாக நெசவு ஊர். துணி நெய்கிற தறியைப் பார்த்துத்தான் அவர் கம்பி பின்னும் இயந்திரத்தை யோசித்தார். ஆனால் பெயரில் கோழி இருக்கிறதே என்று அந்த வலையை நம்பிவிடக் கூடாது. கோழியை உள்ளே வைத்திருக்க அது போதும், மேலே விரித்துக் கட்டினால் பருந்தையும் தடுக்கும். கண் பெரிசு, அதனால் வீசலும் பெருச்சாளியும் நுழைந்துவிடும். கம்பி மெல்லிசு, ரக்கூன் பிய்த்துவிடும். ராத்திரிக் கூட்டுக்கு அரை இஞ்ச் சதுரக் கண் வைத்த கெட்டியான வெல்ட் மெஷ் போடுவதுதான் இன்றைக்கும் சொல்லப்படுகிற வழி, அதையும் தரைக்கு அடியில் கொஞ்சம் புதைத்து. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பெயர்பெற்ற வலை, சட்டத்தில் எந்த எதிரிக்கு முக்கியமாகக் காசு போனதோ அதை மட்டும் ஒழுங்காகத் தடுக்கும்.

ஸ்கால்ப் ஆக்ட் 1887இல் ரத்தானது. மெரியமின் கணக்குக்கு அதில் பங்குண்டு, வாரன் போன்ற உள்ளூர் ஆட்களின் எதிர்ப்புக்கும் பங்குண்டு. கஜானா காலியாவதைப் பார்த்த வரி கட்டுகிறவர்களின் கோபம்தான் பெரிய காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஏனென்றால் பருந்தைப் பற்றிய அபிப்பிராயம் ஒன்றும் மாறவில்லை. ஃபிஷர் புத்தகம் வந்து 36 வருஷம் கழித்து, 1929இல், அதே பென்சில்வேனியா காஸ்ஹாக் என்ற பெரிய வல்லூறுக்கு 5 டாலர் பரிசு அறிவித்தது. இந்தத் தடவை வேட்டைத் துறை கொடுத்த காசு. அடுத்து வந்தது பெருமந்தக் காலம். வேலையில்லாத ஒருவனுக்கு 5 டாலர் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். எது காஸ்ஹாக் எது வேற என்று யார் பொறுமையாகப் பார்ப்பார்கள்?

அந்த மாநிலத்தில் கிட்டட்டினி என்றொரு நீளமான மலைத்தொடர் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் தெற்கே போகும் பருந்துகள் அந்த மலைமேல் எழும் காற்றைப் பிடித்து வரிசையாக அதை ஒட்டியே பறக்கும். அங்கே ஒரு பாறை முனையில் உட்கார்ந்துகொண்டு வருகிற எல்லாவற்றையும் சுட்டுத் தள்ளுவது வாரக்கடைசிப் பொழுதுபோக்காகவே ஆகியிருந்தது. 1932இல் ரிச்சர்ட் பவ் என்ற இளைஞர் அங்கே போய், கீழே காட்டுத் தரையில் விழுந்து கிடந்த பறவைகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கிப் போட்டோ எடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்த ரோசலி எட்ஜ் என்ற நியூயார்க் பெண்மணி, பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தில் பழக்கப்பட்டவர், கூட்டம் போட்டு மனு எழுதிக்கொண்டிருக்கவில்லை. 1934இல் அந்த மலையில் 1,400 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார், அப்புறம் வாங்கியும் விட்டார். மாரிஸ் ப்ரௌன் என்பவரை வாசலில் காவலுக்கு நிறுத்தினார். துப்பாக்கிச் சத்தம் அந்தச் சீசனோடு நின்றது. இன்றைக்கு அதன் பெயர் ஹாக் மவுண்டன்.

ப்ரௌன் சும்மா உட்கார்ந்திருக்காமல் தினமும் போகிற பருந்துகளை எண்ணி எழுதினார். அந்தக் குறிப்பேடுகள் பின்னால் ரேச்சல் கார்சனுக்கு உதவின. வெண்தலைக் கழுகுகளில் இளம் பறவைகள் 1930களில் நூற்றுக்கு நாற்பதாக இருந்தது, 1950களின் பிற்பாதியில் இருபதாகக் குறைந்ததை அவர் 1962இல் டிடிடி பற்றிய தன் புத்தகத்தில் எடுத்துக் காட்டியது இந்த எண்ணிக்கையை வைத்துத்தான். அந்த எண்ணிக்கை இன்றும் நடக்கிறது. பெரும்பாலான பருந்துகளும் ஆந்தைகளும் அமெரிக்க மத்தியச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்ததோ 1972இல். கூப்பர் வல்லூறையும் சேர்த்துத்தான். இன்றைக்குக் கோழி வளர்க்கிற பென்சில்வேனியாக்காரர் கூப்பரைச் சுட முடியாது, மேலே வலை கட்டித்தான் ஆக வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் இங்கே முழுசாக எழுத முடியவில்லை. பரிசு கொடுத்துக் கொல்வது வீண் என்று 1886இல் கணக்குப் போட்டுக் காட்டிய மெரியமின் அதே பிரிவு, பெயர் மாறி, பெரிதாக வளர்ந்து, அவர் விலகிய ஐந்து வருஷத்தில், 1915இல், அமெரிக்க காங்கிரஸிடம் 1,25,000 டாலர் வாங்கிக்கொண்டு ஓநாய்களையும் கொயோட்டிகளையும் கொல்லச் சம்பளத்துக்கு ஆள் வைத்தது. ஆட்டுப் பட்டிக்காரர்களின் நஷ்டத்தைத் தடுக்கத்தான். அங்கே எந்த இரைப்பையை யார் திறந்து பார்த்தார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் தனியாக எழுதுகிறேன்.